யாருடைய கேள்விக்கு யாருடைய உடல்?

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, மருத்துவ ஆய்வுகளில் யார் சேர்க்கப்படுகிறார்கள், யார் விடப்படுகிறார்கள் என்ற ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. மருத்துவமனை ஒன்றில் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில், அதாவது ‘எத்திக்ஸ் கமிட்டி’யில், சில ஆண்டுகள் உறுப்பினராக இருந்த அனுபவத்தைத் துணையாகக் கொண்டு அவற்றுக்கு விடை எழுதுகிறேன்.

என் அப்பா கட்டடத் தொழிலாளி. காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். புதிய மருந்து முறை ஒன்றின் ஆய்வில் சேர விருப்பமா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். “ஏழைகள் என்பதால்தான் கேட்கிறார்கள், நம்ம உடம்பை வைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்” என்கிறார் சித்தப்பா. அவர் சொல்வது சரியா? – வாசகி, அரக்கோணம்

உங்கள் சித்தப்பாவின் அச்சத்தை அறியாமை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அதற்கு இந்த நாட்டிலேயே காரணம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி, 10 முதல் 14 வயது வரையிலான சுமார் 24,000 சிறுமிகளுக்குச் செயல்விளக்கத் திட்டம் என்ற பெயரில் போடப்பட்டது. அவர்களில் பலர் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கம்மத்தில் ஏராளமான சிறுமிகள் அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவங்களில் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. சிறுமிகளில் ஏழு பேர் இறந்த செய்தி வெளியானதும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று அரசின் விசாரணைக் குழு கூறியது. எனினும் ஒப்புதல் பெறப்பட்ட முறையையும் பின்விளைவுகளைக் கண்காணிக்க ஏற்பாடு இல்லாததையும் நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அளித்த அறிக்கையில் கடுமையாகக் கண்டித்தது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்கிறது. கேட்காமலே கையை நீட்டச் செய்ததுதான் தவறு. அந்தத் தவறால் எழுந்த அவநம்பிக்கையும் சேர்ந்துகொள்ள, நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்தில் எச்.பி.வி. தடுப்பூசி பல ஆண்டுகள் இடம்பெறவில்லை. பணம் கொடுத்துத் தனியாரிடம் போட்டுக்கொள்ள முடிந்தவர்களின் மகள்களுக்கு அது கிடைத்தது, கம்மத்துச் சிறுமிகளைப் போன்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

ஆனால் உங்கள் அப்பாவை ஏழை என்பதற்காகக் கேட்டிருக்கிறார்களா, காசநோயாளி என்பதற்காகக் கேட்டிருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. காசநோய், நெருக்கமான வீடுகளிலும் வயிறு நிறையாத உடல்களிலும் வேர்பிடிக்கும் நோய். அதற்கான மருந்தை அந்நோய் உள்ளவர்களிடம்தான் ஆராய முடியும். ஆகவே மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: இந்த ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது? சேராவிட்டால் அப்பாவுக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? நடுவில் விலகினால் இப்போது கிடைக்கும் சிகிச்சை தொடருமா? பாதிப்பு ஏற்பட்டால் செலவு யாருடையது? ஆய்வுக்கு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் இருக்கிறதா? ஒழுங்கான மருந்து ஆய்வுகள் 2009 ஜூன் முதல் அந்தப் பதிவேட்டில் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். இணையத்தில் எவரும் அதைத் தேடிப் பார்க்கலாம். இக்கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்லும் மருத்துவரிடம் அப்பா சேரலாமா என்று யோசியுங்கள். எரிச்சலோடு “கையெழுத்துப் போடுங்கள்” என்பவரிடம் சேர வேண்டாம்.

இவ்வளவு முறைகேடுகள் நடக்கும்போது, ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் மருத்துவ ஆய்வுகளையே தடை செய்துவிட்டால் என்ன? – வாசகர், திருநெல்வேலி

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் தடையால் முதலில் இழப்பவர்கள் ஏழைகளே. இதற்குச் சான்று தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சென்னை சேத்துப்பட்டுக்குப் போனால் போதும்.

1950களில் காசநோய்க்கு மருந்துகள் வந்துவிட்டிருந்தன. ஆனால் நோயாளியைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளுக்கான மருத்துவமனையில், மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் காற்றோட்டமும் கொடுத்தால்தான் நோய் தீரும் என்பது உலகெங்கும் நிலவிய நம்பிக்கை. இந்தியாவில் நோயாளிகள் பல லட்சம் பேர், படுக்கைகளோ மிகச் சொற்பம். வசதியுள்ள நாடுகளின் மருத்துவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல. கட்டில் கிடைக்காமல் வீடு திரும்பியவனுக்குத்தான் அது வாழ்வா சாவா என்ற கேள்வி. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் அதன் முதல் தலைவர். நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்துக்கு அனுப்பி, முதல் பிரிவுக்குக் கொடுத்த அதே இரு காசநோய் மருந்துகளை (ஐசோனியசிட், பி.ஏ.எஸ்.) மறு பிரிவுக்கு ஓராண்டு வீட்டிலேயே கொடுத்தார்கள். வீட்டுப் பிரிவினருக்கு நெருக்கடியான குடியிருப்பும் குறைந்த உணவும் பழைய வேலையும் அப்படியே இருந்தன. பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. ஆனால் நோய் தணிந்தவர்களின் விகிதம் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வீட்டிலிருந்த நோயாளியால் பிள்ளைகளுக்கு நோய் அதிகமாகத் தொற்றுமோ என்ற பெரிய பயமும் பொய்த்தது. 1959இல் வெளியான இந்த முடிவு, உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுத் திண்ணைக்குக் கொண்டு வந்தது. கட்டிலே இல்லாத கோடிக்கணக்கானவர்களுக்குச் சிகிச்சை சாத்தியமானதற்கு அந்த 193 பேரும் காரணம் என்பதை, அவர்கள் வாழ்ந்த நகரமே இன்று நினைத்துப் பார்ப்பதில்லை. அக்காலத்தில் இன்றைய ஒப்புதல் விதிகள் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. எல்லாம் குறையின்றி நடந்ததாக நான் வாதிடவில்லை. ஆனால் அந்த ஆய்வின் கேள்வி அந்த நோயாளிகளின் கேள்வி, விடையும் முதலில் அவர்களைப் போன்றவர்களுக்கே பயன்பட்டது. என்னைப் பொறுத்தவரை ஓர் ஆய்வு நியாயமானதா என்று பார்க்கும் உரைகல் இதுதான்.

இன்னொரு சான்று வேலூர் தொடர்புடையது. குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸால் வரும் கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்க மேலை நாடுகளில் உருவான தடுப்பூசிகள் வசதியான நாடுகளில் மிகச் சிறந்த பலன் தந்தன. அதே பலன் ஏழை நாடுகளில் கிடைக்கவில்லை. இந்தியாவில் உருவாக்கப்பட்ட ரோட்டாவேக் மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் ஆராய்ந்தபோது, முதல் ஆண்டில் அதன் பாதுகாப்பு சுமார் 56 விழுக்காடு என்று தெரிந்தது. கேட்பதற்குக் குறைவான எண்தான். ஆனால் நம் குழந்தைகளின் குடலில் என்ன நடக்கும் என்ற உண்மையான எண் அது. அதன் அடிப்படையில்தான் 2016இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் அது இலவசமாகச் சேர்க்கப்பட்டது. அந்த ஆய்விலும் ஒரு நெருடல் உண்டு. வெளிச்சந்தையில் வேறு ரோட்டா தடுப்பூசிகள் விற்பனையில் இருக்க, மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு மருந்தில்லாத சொட்டுகளே கொடுக்கப்பட்டன. அந்தப் பெற்றோரால் விலை கொடுத்து வாங்கியிருக்க முடியாது என்பதை நியாயமாகக் காட்டுவது எனக்கு இன்றும் முழு நிறைவு தரவில்லை.

ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவு கொடுத்து ஓர் ஆய்வு நடந்ததாகப் படித்தேன். பாதிக் குடும்பங்களுக்கு உணவு, மீதிக் குடும்பங்களுக்கு இல்லை என்றால் அது கொடுமை அல்லவா? நான் கிராமச் சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். என் பகுதியில் இப்படி நடந்தால் மக்கள் முகத்தில் விழிக்க முடியாது. – வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

நீங்கள் படித்தது ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வு. நான்கு மாவட்டங்களில், பழங்குடி மக்கள் மிகுந்த ஊர்களில், 2019 ஆகஸ்டில் தொடங்கியது. 2,800 நோயாளிகளும் அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேரும் அதில் இருந்தார்கள். ஒரு திருத்தம்: நோயாளிகள் அனைவருக்குமே, எந்தப் பிரிவில் இருந்தாலும், மாதம் 10 கிலோ உணவுப் பொருள்கள் கொடுக்கப்பட்டன. வேறுபாடு வீட்டில் உள்ள மற்றவர்களுக்குத்தான். ஒரு பிரிவில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் தரப்பட்டன, மறு பிரிவில் அவை இல்லை.

அப்படிப் பிரிக்காமலே ‘சோறு போட்டால் நல்லது’ என்று முடிவு செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மனிதாபிமானத்தின்படி அது சரி. ஆனால் உணவு காசநோயைத் தடுக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை என்று சொல்லியே அரசுகள் பல காலம் அதற்குப் பணம் ஒதுக்கத் தயங்கின. முன்னே சொன்ன சென்னை ஆய்வின் முடிவும், உணவு இரண்டாம்பட்சம் என்ற எண்ணத்துக்குத் தன்னை அறியாமல் இடம் கொடுத்துவிட்டது என்பது என் கருத்து. அறுபது ஆண்டுகள் கழித்து, அதே சேத்துப்பட்டு நிறுவனத்தின் பங்கேற்போடு நடந்த ஜார்க்கண்ட் ஆய்வு அந்த எண்ணத்தைத் திருத்தியது. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது, நுரையீரலைத் தாக்கித் தொற்றும் வகை 48 விழுக்காடு குறைந்தது. முடிவுகள் 2023 ஆகஸ்டில் வெளியாயின. 2024 நவம்பரிலிருந்து நோயாளிகளுக்கு அரசு தரும் மாத ஊட்டச்சத்து உதவி 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது.

ஆனாலும் உங்கள் கேள்வி தீர்ந்துவிடவில்லை. பொருள் போதாதபோது யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கலிடம் விடுவது, செல்வாக்குள்ளவரிடம் விடுவதைவிட நேர்மையானது என்பதை ஏற்கிறேன். இத்தகைய ஆய்வைத் திட்டமிடும்போதே, பலன் உறுதியானால் உணவு பெறாத வீடுகளுக்கு முதலில் கொடுப்போம், அதற்கான பணம் இதோ என்று எழுதி வைக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. உங்கள் பகுதிக்கு இப்படி ஓர் ஆய்வு வந்தால் முதல் கூட்டத்திலேயே இதைக் கேளுங்கள். மக்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர் நீங்கள், திட்டம் எழுதியவர் அல்லர். ஆகவே கேட்கும் உரிமையும் உங்களுடையதே.

ஆய்வில் சேருவோருக்குப் பணம் கொடுப்பது சரியா? – வாசகர், ஓசூர்

பயணச் செலவும் இழந்த நாளின் கூலியும் கொடுப்பது சரி மட்டுமல்ல, கடமை. ஆபத்தை மறைக்கும் அளவுக்குப் பெருந்தொகை கொடுப்பது தவறு. ஆரோக்கியமான இளைஞர்கள், ஒரு மருந்தின் நகல் மாத்திரை அசலைப் போலவே இரத்தத்தில் கலக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளில் பணத்துக்காக ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கிறார்கள். ஓர் ஆய்வு முடிந்த பின் உடல் தெளிய வேண்டிய இடைவெளியை மறைத்து அடுத்ததில் சேருவது உயிருக்கே ஆபத்து. உங்கள் ஊரில் அப்படி எவரேனும் இருந்தால் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

நான் சமூகப்பணி மாணவி. மலைக்கிராமங்களில் களப்பணி செய்கிறேன். இங்குள்ள யாரும் எந்த மருந்து ஆய்விலும் சேர்க்கப்பட்டதாகக் கேள்விப்படவில்லை. சுரண்டலைப் பற்றிப் பேசுகிறோம், விடுபடுவதைப் பற்றி ஏன் பேசுவதில்லை? – வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

இம்மாதக் கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையது. யாரும் ‘மலைவாழ் மக்கள் வேண்டாம்’ என்று எழுதி வைப்பதில்லை. ஆனால் ஆய்வுத் திட்டத்தின் ஒவ்வொரு வரியும் ஒரு சல்லடையாக வேலை செய்கிறது. இருபது வாரத்தில் பன்னிரண்டு முறை வர வேண்டும் என்றால் கூலிக்குப் போகிறவர் உதிர்ந்துவிடுகிறார். கைப்பேசி எண் கட்டாயம் என்றால், வீட்டுக்கே ஒரு போன், அதுவும் கணவர் கையில் என்ற நிலையில் உள்ள பெண் உதிர்ந்துவிடுகிறார். இரத்தத்தில் ஹீமோகுளோபின் இத்தனை இருக்க வேண்டும், எடை இத்தனைக்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனைகள் பாதுகாப்புக்காக எழுதப்படுபவைதான். ஆனால் சோகையும் மெலிவும் நம் கிராமத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். ஆய்வில் அவர்கள் இருக்கமாட்டார்கள். ஆய்வு முடிந்து மருந்து சந்தைக்கு வந்ததும் அதே அளவு அவர்களுக்கும் எழுதிக் கொடுக்கப்படும்.

நான் இருந்த குழுவின் முன் ஒருமுறை சர்க்கரை நோய் தொடர்பான திட்டம் ஒன்று வந்தது. ஆய்வு நிலையங்கள் எல்லாம் பெருநகரங்களில் இருந்தன. தகவல் தாள் ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி பெயர்க்கப்பட்ட தமிழில் இருந்தது. குழுவில் பொதுமக்கள் சார்பில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை அதை இருமுறை படித்துவிட்டு, “எனக்கே புரியவில்லை, என் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு எப்படிப் புரியும்?” என்று கேட்டார். பயணப்படி என்ற தலைப்பில் எழுதியிருந்த தொகை உள்ளூர் ஆட்டோவுக்கே போதாது. ஆய்வாளர் நல்லவர், அடுத்த கூட்டத்துக்குள் தாளை மாற்றி எழுதினார், பயணப்படியையும் உயர்த்தினார். ஆனால் கிராமத்து மையம் ஒன்றைச் சேர்க்க முடியுமா என்ற கேள்விக்கு “செலவு தாங்காது” என்பதே பதிலாக வந்தது, நாங்களும் அதை ஏற்று அனுமதி அளித்துவிட்டோம். அன்று இன்னும் அழுத்தமாகக் கேட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு உண்டு. நெறிமுறைக் குழுக்கள் ‘சேர்ந்தவர்களுக்குத் தீங்கு வருமா’ என்று பார்க்கப் பழகியிருக்கின்றன. ‘சேர முடியாமல் போனவர்கள் யார்’ என்று பார்க்க இன்னும் பழகவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தையே ஆய்வு மையமாக்கலாம், மருந்தை வீட்டுக்குக் கொண்டு போகலாம், மலையின் பேச்சுமொழி தெரிந்த உள்ளூர்ப் பெண்களைப் பணியில் அமர்த்தலாம். ஜார்க்கண்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பின்தொடர முடிந்தபோது, ஜவ்வாது மலையில் முடியாது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

ஆய்வு முடிந்ததும் அந்த மருந்து அதில் சேர்ந்த ஏழைகளுக்குக் கிடைக்குமா? – வாசகர், மதுரை

சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் அது குறுகிய வழி. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், 2019இன்படி, மருந்து ஒருவருக்குப் பலன் தந்திருந்து, அவருக்கு வேறு மாற்றுச் சிகிச்சை இல்லாமல், ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால், ஆய்வு முடிந்த பின்னும் நிறுவனம் அதை இலவசமாகத் தர வேண்டும். அதன் பின் ஏற்படும் பாதிப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று நோயாளி எழுதிக் கொடுக்கவும் வேண்டும். ஆபத்தைத் தாங்கிய உடலிடமே மீண்டும் ஆபத்தை ஒப்படைக்கும் இந்த நிபந்தனை எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆய்வில் சேர்ந்தவருக்குக் கிடைத்தாலும், அவருடைய தெருவுக்குக் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான பெடாகுயிலின், அந்நோயால் பெரிதும் பாதிக்கப்பட்ட தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளின் நோயாளிகள் ஆய்வில் சேர்ந்ததால் உருவானது. 2012 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து, 2016இல் இந்தியாவின் அரசுத் திட்டத்துக்கு வந்தபோது சில மையங்களில் மட்டுமே கிடைத்தது. அதன் காப்புரிமையை மேலும் நீட்டிக்கும் விண்ணப்பத்தை எதிர்த்து, காசநோய்ச் சிகிச்சையின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்த இரு பெண்கள், மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேவும், மனு செய்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நீட்டிப்பை மறுத்தது. நோயைத் தாங்கியவர்களே மனு எழுதித்தான் மருந்தை மலிவாக்க வேண்டியிருக்கிறது.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆய்வுப் படிவத்தில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். ஆண்டு வருமானம், வாரிசு பெயரெல்லாம் கேட்டதால் பயந்து திரும்பி வந்துவிட்டார். என்ன செய்யலாம்? – வாசகர், கடலூர்

வருமானமும் வாரிசு பெயரும், பாதிப்போ உயிரிழப்போ ஏற்பட்டால் இழப்பீடு கொடுப்பதற்காக விதிப்படி கேட்கப்படும் விவரங்கள். அதைச் சொல்லாமல் கேட்டது அவர்கள் பிழை. படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்து கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சி மருத்துவமனை ஊழியராக இருக்கக் கூடாது என்று நீங்கள் கேளுங்கள், அம்மா நம்பும் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். முற்றிலும் புதிய மூலக்கூறு மருந்தாக இருந்து, அம்மா எளிதில் பாதிக்கப்படக்கூடியவர் என்ற வகையில் வந்தால், விளக்கிச் சொல்வதும் ஒப்புக்கொள்வதும் ஒலி-ஒளிப்பதிவாகவும் இருக்க வேண்டும். கைரேகை வைத்த படிவத்தின் நகலும் தகவல் தாளும் அன்றே அம்மாவின் கையில் கொடுக்கப்பட வேண்டும். நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் அதில் இருக்கும். முதல் நாளே முடிவு சொல்ல வேண்டியதில்லை. தாளை வீட்டுக்குக் கொண்டு வந்து நீங்கள் சத்தமாகப் படித்துக் காட்டி, அம்மா தன் சொற்களில் திருப்பிச் சொல்லும் வரை கைரேகை வேண்டாம்.